வெள்ளம் வரும் என்று கம்ப்யூட்டர் சொன்னால்...

(வட்டாரக் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேரிடர் தயார்நிலைக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாமல் போன சங்கங்கள் தங்கள் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி இங்கே தருகிறோம்.)



காலையிலிருந்து சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று பேசிப் பேசிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். டீ வந்துகொண்டிருக்கிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். நாங்களும் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் இது தண்ணீர்க் கணக்கு.

போன கூட்டத்துக்கு மூன்று சங்கங்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருந்தன. "இப்போதெல்லாம் மழை, புயல், வெள்ளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே தானாகக் கற்றுக்கொண்டு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதாமே, அது நிஜமா? நிஜம் என்றால் 2024 டிசம்பரில் தென்பெண்ணை நம் ஊருக்குள் வந்தபோது அது எங்கே போயிற்று?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நிஜம்தான், ஆனால் "எல்லாவற்றையும்" இல்லை. இரண்டாவது கேள்விதான் எங்கள் குழுவை இரண்டு மாதம் அலைய வைத்தது. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டோம், எங்களுக்குள் உட்கார்ந்து பேசினோம். புரிந்ததைச் சொல்கிறோம்.

அந்த நாட்களை ஒரு முறை நினைத்துப் பார்ப்போம். ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் வருது, புயல் வருது என்று டி.வி.யில் சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடந்துவிட்டது, இனி போய்விடும் என்றுதான் பலரும் நினைத்தோம். அது போகவில்லை. நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்தாற்போல மேற்கே ஊத்தங்கரையிலும் அதே அளவு. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையிலிருந்து மண் சரிந்து, வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். 2-ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் வெளியேறியது. அது விழுப்புரம், கடலூர் பக்கத்து ஆற்றோர ஊர்களுக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

50 செ.மீ. என்று ரேடியோவில் சொன்னால் ஏதோ பள்ளிக்கூட ஸ்கேல் அளவு போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 50 செ.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி 200 வந்து ஒரே ஏக்கரில் கொட்டிவிட்டுப் போனால் எப்படியோ, அப்படி. இதை ஒரு நாள் முன்னாடி தெரிந்துகொள்வதற்கும் ஒரு மணி நேரம் முன்னாடி தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம், மாடு பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசம். சில வீடுகளில் மனுஷருக்கும் அதேதான்.

கம்ப்யூட்டர் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

பத்து வருடமாகச் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகம் எழுதுகிற ஊக்குநர் ஒருவரிடம், "வருகிற ஜூன் மாதம் நம்ம சங்கத்தில் எத்தனை பேர் தவணை தவறுவாங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு பேர், அஞ்சு பேர் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும், நோட்டு புஸ்தகம் யூனிபார்ம் செலவு வரும். யார் வீட்டில் பிள்ளைகள் அதிகம், யார் வீட்டில் மாடு பால் வற்றியிருக்கிறது, யாருக்குப் போன வருடமும் இதே மாதம் தள்ளிப்போனது, எல்லாம் அவர் மனதில் ஓடும். இதற்கு யாரும் அவருக்குச் சூத்திரம் சொல்லித்தரவில்லை. புத்தகத்தின் பழைய பக்கங்கள் சொல்லித்தந்தன.

இயந்திரக் கற்றல் என்று படித்தவர்கள் சொல்வதும் இதே வேலைதான். முன்பெல்லாம் வானிலை சொல்ல ஒரே வழிதான் இருந்தது. காற்று, வெப்பம், ஈரம் எந்த விதிப்படி நகரும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பெரிய பெரிய கம்ப்யூட்டரில் போட்டு மணிக்கணக்கில் கணக்குப் பார்ப்பார்கள். அது இன்றும் நடக்கிறது, அதை யாரும் மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. புது வழி வேறு. கம்ப்யூட்டரிடம் பழைய பக்கங்களைக் கொடுத்துவிடுகிறார்கள். "இந்தத் தேதியில் காற்று இப்படி, ஈரம் இப்படி இருந்தது. அடுத்து என்ன ஆகியிருக்கும், சொல்" என்று கேட்பார்கள். முதலில் அது தப்பும் தவறுமாகத்தான் சொல்லும். நிஜத்தில் நடந்தது இது என்று காட்டினால் எவ்வளவு தப்பு என்று பார்த்துத் தன் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். மறுபடி கேள்வி, மறுபடி திருத்தம். இப்படி லட்சக்கணக்கான தடவை. சலிப்பு என்பது அதற்குக் கிடையாது. நமக்கு மூன்றாவது தடவையே கோபம் வந்துவிடும்.

கூகுள் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு வானிலைக் கம்ப்யூட்டர் முறைக்கு 1979 முதல் 2017 வரை 39 வருட உலக வானிலையைக் காட்டிப் பழக்கினார்கள். பழகி முடித்த பிறகு, அடுத்த பத்து நாளைக்கு உலகம் முழுவதும் வானிலை எப்படி இருக்கும் என்பதை அது ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் வானிலை மையமும் 2025 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரிக் கற்கும் முறை ஒன்றைப் பழைய முறைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த 39 வருடப் பக்கங்களையும் கம்ப்யூட்டர் தானாக எழுதிவிடவில்லை என்பதுதான். கப்பலில் போனவர்கள், பலூன் பறக்கவிட்டவர்கள், மழைமானியைத் தினம் காலையில் போய்ப் பார்த்துக் குறித்தவர்கள், செயற்கைக்கோள் அனுப்பியவர்கள் எழுதி வைத்தது. எழுதாத பக்கத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் படிக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வருகிறோம்.

பீகாரில் நடந்தது

வெள்ளத்தோடு நம்மைவிட அதிகம் மல்லுக்கட்டியவர்கள் பீகார் மாநிலத்துப் பெண்கள். கங்கை, கோசி, கண்டக் என்று நேபாளத்து மலையிலிருந்தும் வேறு பக்கத்திலிருந்தும் வருகிற ஆறுகள். அங்கே ஆற்றில் அளவுகோல் இல்லாமல் இல்லை. மத்திய நீர் ஆணையம் பல இடங்களில் தண்ணீர் மட்டத்தை அளந்து, அபாய அளவைத் தாண்டியதா என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் "அபாய அளவுக்கு மேல் 60 செ.மீ." என்றால் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு என்ன புரியும்? என் தெரு முழுகுமா, பக்கத்துத் தெரு முழுகுமா, முழங்கால் அளவா, கழுத்து அளவா? அதைத்தானே அவள் கேட்கிறாள்?

2018-இல் பாட்னா பகுதியில் மத்திய நீர் ஆணையமும் கூகுளும் சேர்ந்து ஒரு சோதனை தொடங்கியது இந்தக் கேள்விக்காகத்தான். ஆணையம் ஆற்றின் அளவைக் கொடுத்தது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து எந்த நிலம் மேடு, எந்த நிலம் பள்ளம் என்று வரைபடம் செய்தார்கள். பழைய வெள்ளங்களில் தண்ணீர் எங்கெங்கே நின்றது என்று செயற்கைக்கோள் எடுத்த படங்களையும் கம்ப்யூட்டருக்குக் காட்டிக் கற்க வைத்தார்கள். ஆறு இந்த மட்டத்துக்கு வந்தால் எந்தப் பகுதி முழுகும் என்று அது படமாகவே காட்டியது. அந்த வருடம் செப்டம்பரில் முதல் எச்சரிக்கைகள் செல்போனுக்குப் போயின. 2020-க்குள் இந்தியா முழுவதற்கும் விரித்தார்கள்.

அடுத்த படி இன்னும் சுவாரசியமானது. அளவுகோலே இல்லாத ஆறுகள் உலகத்தில் எத்தனையோ. அவற்றுக்கு என்ன செய்வது? உலகம் முழுவதும் 5,680 இடங்களில் எடுத்த ஆற்று நீர் அளவுகளைக் காட்டி ஒரு கம்ப்யூட்டர் முறையைப் பழக்கினார்கள். அதன் முடிவு 2024 மார்ச்சில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்தது. இந்த முறைக்கு ஒரு நினைவு உண்டு. நமக்கே தெரியும், சித்திரையில் 10 செ.மீ. பெய்தால் காய்ந்த பூமி குடித்துவிடும். ஐப்பசியில் ஏரி நிரம்பி, மண் ஊறிக் கிடக்கும்போது அதே 10 செ.மீ. பெய்தால் அப்படியே வழிந்து ஓடும். கடந்த மாதங்களில் என்ன பெய்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய மழையைப் பார்க்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதனால், உலக அளவில் அதுவரை இருந்த முறை அன்றைய தினத்துக்குச் சொன்ன அளவு நம்பகத்தோடு இது ஐந்து நாள் முன்னாடியே சொல்கிறது என்று அந்த ஆய்வு கண்டது. தான் பார்த்தே இராத ஆற்றுக்கும், அதே மாதிரி மழை, மண், சரிவு உள்ள வேறு ஆற்றில் கற்ற பாடத்தை வைத்துச் சொல்கிறது. ஒரு சங்கத்துக் கணக்கு எழுதிப் பழகியவர் பக்கத்து ஊர்ச் சங்கத்துப் புத்தகத்தையும் புரிந்துகொள்வது போலத்தான்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வரும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுவும் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். கம்ப்யூட்டர் செய்வதைப் பெரிய மாயமாக நினைத்துக் கும்பிட வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம்.

எங்கே அது தவறும்?

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கம்ப்யூட்டர் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் வராது" என்று உட்கார்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

சிகாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு சோதனை 2025-இல் வெளிவந்தது. பழைய பக்கங்களிலிருந்து கடும் புயல்களை எல்லாம் எடுத்துவிட்டு, சுமாரான புயல்களை மட்டும் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கினார்கள். அதன் பிறகு மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயல் கிளம்புகிற நிலைமையைக் கொடுத்து, என்ன வரும் என்று கேட்டார்கள். புயல் வரும் என்று சொன்னது. ஆனால் இரண்டாம் வகைக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்காததை அது கற்பனை செய்யாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்ததே, அந்த மாதிரி மழை பழைய பக்கங்களில் எத்தனை தடவை இருந்திருக்கும்? அபூர்வமாக வருவதைத்தான் நாம் அதிகம் பயப்படுகிறோம். கம்ப்யூட்டருக்கு அதில்தான் பழக்கம் குறைவு. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. வேறொரு கடலில் அடித்த கடும் புயலைக் காட்டியிருந்தால், இந்தக் கடலின் கடும் புயலையும் அது ஓரளவு பிடித்துக்கொண்டது. எங்கோ ஒருவர் எழுதி வைத்தது இன்னோர் இடத்துக்கு உதவுகிறது.

அடுத்தது கரை. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்ற இடத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. பீகாரில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசல் இழந்தார்கள். அன்றைக்கு ஆற்றில் பெருவெள்ளமா என்றால் இல்லை. அந்தக் கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட அப்போது ஓடவில்லை. கரை பலவீனமாக இருந்தது, உடைந்தது. எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்கிற கம்ப்யூட்டருக்கு, நம்ம ஏரிக்கரையில் எலி வளை இருக்கிறதும் மதகுப் பக்கம் மண் கரைந்திருப்பதும் தெரியாது. ஆடு மேய்க்கப் போகிற நம்ம சகோதரிக்குத் தெரியும்.

அணையும் அப்படித்தான். மழையை வைத்து ஆற்றைச் சொல்லலாம். ஷட்டரை எப்போது, எவ்வளவு தூக்குவார்கள் என்பது மனிதர்கள் எடுக்கிற முடிவு. அந்தத் தகவலைத் தனியாகக் கொடுத்தாலொழிய கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சாத்தனூருக்குக் கீழே இருக்கிற நமக்கு மழைச் செய்தி மட்டும் போதாது, அணைச் செய்தியும் சேர்ந்து வர வேண்டும்.

மலைச்சரிவுக்கு, எந்தச் சரிவு ஆபத்தானது என்று வரைபடம் போட இந்த முறை உதவுகிறது. எந்த மணிக்கு எந்த வீட்டின் மேல் சரியும் என்று சொல்கிற நிலை இன்னும் வரவில்லை. நிலநடுக்கம் பற்றி ஒரே வார்த்தை: நாளும் நேரமும் குறித்து முன்கூட்டிச் சொல்லும் கம்ப்யூட்டர் உலகத்தில் எங்கும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வருகிற நிலநடுக்க எச்சரிக்கை, நடுக்கம் தொடங்கிய பிறகு அதைக் கண்டுபிடித்துச் சில நொடி முன்னாடி தருவது. "நாளை இரவு பூகம்பம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள், அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடாதீர்கள்.

மெசேஜ் யார் கையில்?

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். எங்களுக்குக் கிடைத்த பதிலில் பாதி கம்ப்யூட்டரில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது.

2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களைப் பற்றி ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பெண்கள் 391, ஆண்கள் 146. மூன்று பேர் செத்தால் அதில் இரண்டு பேருக்கு மேல் பெண்கள். கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள், பிள்ளையைத் தேடி ஓடினார்கள், நீச்சல் தெரியாது, சேலை காலைச் சுற்றியது. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் 2007-இலிருந்து இருக்கிறது. ஆனால் ஏற்பாடு இருந்தாலும் செய்தி பெண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் அந்த எண் மாறும்.

2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் இந்தக் கற்கும் முறையில் கணித்த பருவமழைத் தொடக்கத்தை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குச் செல்போனில் அனுப்பியது. மழை நடுவில் கொஞ்ச நாள் நின்றுபோகும் என்பதையும் அது முன்னாடியே சொன்னது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் பதிவு செய்த போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது? விதைக்கிறதும் களை எடுக்கிறதும் நாம், மெசேஜ் போவது அவருக்கு. அவர் திருப்பூரில் வேலையில் இருந்தால்? எங்கள் குழு ஒரு தெருவில் மட்டும் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தது. பல வீடுகளில் இருக்கிற ஒரே போன் பகலில் வீட்டுக்காரரோடு வெளியே போகிறது, இரவில் பையன் கையில் விளையாட்டு. வந்த மெசேஜைப் படித்துச் சொல்ல ஆளில்லாத வயசான அம்மாக்கள் தனியாக இருக்கிறார்கள்.

பீகாரிலும் இதுவேதான் நடந்தது. போனுக்கு எச்சரிக்கை போயும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் ஊருக்கு ஊர் தன்னார்வலர்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எச்சரிக்கை வந்ததும் அவர்கள் வீடு வீடாகச் சொல்வார்கள். அப்படி ஆள் இருந்த ஊர்களில் தண்ணீர் வருவதற்கு முன்பே செய்தி தெரிந்த வீடுகள் அதிகமாயின. எத்தனை கோடி ரூபாய்க் கம்ப்யூட்டராக இருந்தாலும் கடைசி நூறு அடி ஒரு மனுஷி நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? தவணைக்காக எந்த வீட்டுக் கதவையும் எந்த நேரமும் தட்டிப் பழகியவர்கள்தானே நாம்!

(இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.)

சிரிப்புக்கு நடுவே ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "அதெல்லாம் சரிங்க. மூணு தடவை வெள்ளம் வரும்னு சொல்லி ஒண்ணும் வரலைன்னா, நாலாவது தடவை யார் கதவைத் திறப்பாங்க?" மிக நியாயமான கேள்வி. எச்சரிக்கை என்பது ஜோசியம் இல்லை. பத்துத் தடவை இதே மாதிரி நிலைமை வந்தால் ஆறு தடவை, ஏழு தடவை வெள்ளம் வரலாம் என்கிற கணக்கு. வராத மூன்று தடவையும் அது பொய் சொல்லவில்லை. சங்கத்தில் கடன் கொடுக்கும்போது ஜாமீன் கேட்கிறோம். அவர் கட்டமாட்டார் என்று நினைத்தா கேட்கிறோம்? கதவைத் தட்டப் போகிறவர் இதைச் சொல்லிவிட வேண்டும், "நிச்சயம் வரும்" என்று சத்தியம் செய்யக் கூடாது. "வரும் வாய்ப்பு அதிகம், இன்று இரவு மேட்டில் படுத்துக்கொள்வோம், வராவிட்டால் காலையில் சிரித்துக்கொண்டு திரும்பி வருவோம்" என்று சொன்னால் போதும். அப்படிப் போகிறவர்களுக்கு மாட்டைக் கட்ட இடமும் வீட்டுக்குக் காவலும் இல்லையென்றால் யாரும் கிளம்பமாட்டார்கள். இந்த இரண்டையும் முன்கூட்டியே பேசி வைக்காமல் எச்சரிக்கையை மட்டும் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை.

என்ன செய்யலாம் என்று முடிவு செய்தோம்

நிறங்களை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வானிலை மையம் மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-க்கு மேல் அதி கனமழை. இதைச் சங்கம் கூடுகிற இடத்துச் சுவரில் எழுதிப் போடுங்கள். ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' செயலியையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியையும் போட்டுக்கொள்ளலாம். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. சாதாரண போனிலிருந்தும் கூப்பிடலாம்.

ஒவ்வொரு சங்கமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் இல்லாத வீடு, தனியாக இருக்கிற பெரியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் யார் யார் என்று பட்டியல் எழுதி, எந்த வீட்டை யார் தட்டுவது என்று இப்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் உட்கார்ந்து பிரிக்க நேரம் இருக்காது. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா நகல், சங்கத்தின் தீர்மானப் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டென்று எடுக்கிற இடத்தில் வைக்கட்டும்.

பின்னாடி வருகிறோம் என்று சொன்னோமே, அது இதுதான். நம்ம ஊர் ஓடைக்கும் நம்ம ஏரியின் கலங்கலுக்கும் பழைய பக்கம் கிடையாது. பெரிய ஆற்றுக்குக் கணக்கு இருக்கிறது, நம்ம தெருவை முழுகடிப்பது பல தடவை அந்தப் பெயர் தெரியாத ஓடை. அதை நாம் எழுதத் தொடங்குவோம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பா போதும். மரத்தடியும் கூரைச் சொட்டும் இல்லாத வெட்டவெளியில் கல் அணைத்து வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்கு, வானிலை மையம் அளக்கிற அதே நேரத்தில், பிள்ளையின் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை செ.மீ. என்று பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஸ்கேலில் அடிப்பக்கம் கோடு தொடங்குமுன் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதை வெட்டிவிட்டு அளந்தால்தான் சரியாக வரும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. இது வரவு செலவுப் புத்தகத்துக்கும் பொருந்தும் என்று பொருளாளர் இடையில் சொன்னார்!

2015, 2021, 2024 வெள்ளங்களில் தண்ணீர் எந்த வீட்டின் எந்தப் படி வரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு, பள்ளிக்கூடச் சுவரிலும் கோயில் மதிலிலும் பெயிண்டில் கோடு போட்டு வருடம் எழுதுவோம். ஓடைப் பாலத்துத் தூணிலும் அடிக்கணக்குப் போட்டுவிட்டால், மேல் ஊர்ச் சங்கம் பார்த்துக் கீழ் ஊர்ச் சங்கத்துக்குப் போன் பண்ணலாம். மேலே அஞ்சு அடி வந்தால் கீழே எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பது இரண்டு மழைக்காலத்தில் நமக்கே தெரிந்துவிடும். அந்த நோட்டை வருடத்துக்கு ஒரு முறை படி எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இதை யாராவது கம்ப்யூட்டருக்குக் காட்டுவார்களா என்று கேட்டீர்கள். வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. காட்டினாலும் காட்டாவிட்டாலும் கீழ் ஊருக்குப் போன் போகும், அது நம் கையில் இருக்கிறது.

இரண்டு பேர் பெயரை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கொடுத்துவிடுங்கள். ஒருவர் ஆற்றோரத் தெருவில் இருப்பவராக இருந்தால் நல்லது. டப்பாவுக்கும் நோட்டுக்கும் ஐம்பது ரூபாய்கூட ஆகாது, சங்கத்தின் பொதுச் செலவில் எழுதிக்கொள்ளலாம். ரசீதை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.